நாலு கோடு விழுகிற மேசை

நல்ல உணவகம் ஒன்றை எப்படித் தெரிவு செய்வது என்று டென்மார்க் பத்திரிகைகள் வாரம் தவறாமல் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. மேசைவிரிப்பைப் பார், வைன் பட்டியலைப் பார், சமையற்காரர் எங்கே படித்தவர் என்று பார். ஆயிரம் புத்திமதி. நானும் விபோர்க் நகரத்தில் மூன்று ஹோட்டல் ஏறி இறங்கி ஒன்றைத் தெரிவு செய்தவள்தான். என்னுடைய முறை மிகவும் சுலபமானது. உள்ளே போய், கைத்தொலைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, சிக்னல் எத்தனை கோடு விழுகிறது என்று பார்க்க வேண்டும். நாலு கோடு விழுந்தால் அது முதல்தர உணவகம்.

அது 2009 வைகாசி. ஊரில் யுத்தம் முடிந்துகொண்டிருந்தது. என் அக்காவும் அத்தானும் அவர்களுடைய மகனும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். மாசியில் ஒருநாள் அக்கா யாருடையதோ சாட்டிலைட் போனில் இரண்டு நிமிடம் பேசினார். அதில் ஒரு நிமிடத்தை என் கைத்தொலைபேசி இலக்கத்தைச் சொல்வதிலேயே நான் செலவழித்தேன். வீட்டுக்கு எடுத்தால் நான் வேலையில் நிற்பேன், இனி இதற்கே எடு என்றேன். அக்கா அதை மகனின் கொப்பிப் பின்மட்டையில் எழுதி, ஒவ்வொரு எண்ணாக எனக்குத் திருப்பி வாசித்தார். அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. இங்கிருந்து நாங்கள் எடுக்க வழியில்லை. அவர் எடுத்தால்தான் உண்டு. அந்த ஒரு அழைப்பைத் தவறவிட்டால் இன்னொன்று வருமா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அதனால் அந்தத் தொலைபேசி பிளாஸ்டிக் பைக்குள் இருந்தபடி என்னோடு குளித்தது, தலையணைக்குக் கீழே படுத்தது, நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் சீருடைப் பையில் கிடந்தபடி வயோதிபர்களைக் குளிப்பாட்டவும் கூட வந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் மகளின் காதலனுடைய பெற்றோர் எங்களைச் சந்திக்க ஆசைப்பட்டார்கள். டேனிஷ் பிள்ளை, நல்ல பிள்ளை, அதில் எனக்குக் குறை இல்லை. தகப்பன் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், தாய் பல் வைத்தியர். சனிக்கிழமைகளில் மியூசியம் பார்க்கப் போகிற ஆட்கள். இடத்தை நீங்களே தெரிவு செய்யுங்கள், எங்களுக்கு எதுவும் சந்தோஷம் என்று சொல்லியனுப்பினார்கள். டேனிஷ்காரர் 'எதுவும் சந்தோஷம்' என்றால் அதற்குள் குறைந்தது பத்து நிபந்தனையாவது இருக்கும். அவற்றை அறிந்து சொல்வதற்கு மகள் இருந்தாள்.

"வீட்டில் வேண்டாம், அம்மா" என்றாள் முதலில். நான் பன்னிரண்டு கறி வைப்பேன், அதிபர் வியர்த்துக் கொட்டுவார், அவளுடைய கணிப்பு அப்படி. சில்க்போர்க்கில் எங்கள் வீட்டுக்கும் வடக்கே அவர்கள் வீட்டுக்கும் நடுவில் விபோர்க் இருக்கிறது. பழைய நகரம், பெரிய கதீட்ரல், கல் பதித்த ஒழுங்கைகள். அங்கே ஒரு நல்ல ஹோட்டல் உணவகத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று முடிவானது. இவ்வளவையும் அவள் டேனிஷில்தான் சொன்னாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். எட்டு வயதில் எங்கள் வீட்டுத் தொலைபேசியின் பதிவுக் கருவியில் 'நாங்கள் வீட்டில் இல்லை, சத்தம் கேட்டபின் பேசுங்கள்' என்று டேனிஷில் அவள் பதிந்து வைத்த கீச்சுக்குரல் பதினாறு வருடமாக அப்படியே இருந்தது. மாற்ற எனக்கு மனம் வரவில்லை, இவருக்கு மாற்றத் தெரியவில்லை.

கடைசி நிபந்தனையைத்தான் தமிழில் சொன்னாள், எனக்கு விளங்காமல் போய்விடக்கூடாது என்று. "அண்டைக்கு ஒரு நாளைக்கு மேசையிலை யுத்தம் வேண்டாம், அம்மா. அவை எங்களைப் பாவம் பாக்கக்கூடாது."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவள் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. இருபத்தைந்து வருடமாக இந்த நாட்டில் தலையைச் சரித்து, கண்ணைச் சுருக்கி, 'ஓ, ஸ்ரீலங்காவா' என்று பார்க்கிற பார்வையை நானும் வாங்கியிருக்கிறேன். சம்பந்தியிடமும் அதை வாங்க எனக்கு விருப்பமில்லை. சரி என்றேன்.

முதலாவது உணவகம் மகள் சிபாரிசு செய்தது. பல நூற்றாண்டு பழைய கட்டடம், அதன் நிலவறை. வளைந்த செங்கல் கூரை, மெழுகுதிரி, பகலிலும் இருட்டு. நானும் இவரும் இறங்கினோம். இரண்டாம் படியில் ஒரு கோடு போனது, நாலாம் படியில் இன்னொன்று போனது, கீழே கால் வைத்தபோது ஒன்றுமே இல்லை. சுவர் இரண்டு முழத் தடிப்பு என்று பரிசாரகர் பெருமையாகச் சொன்னார். அந்தக் காலத்தில் முற்றுகை வந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டியதாம். நான் நன்றி சொல்லிவிட்டு மேலே ஏறினேன். பங்கர் பார்க்க எனக்கு விபோர்க் வரை வரத் தேவையில்லை.

இரண்டாவது ஏரிக்கரையில், முழுக்கக் கண்ணாடி. சிக்னல் தாராளமாக விழுந்தது. ஆனால் வாசலில் அழகான பிரம்புக்கூடை ஒன்று. விருந்தினர்கள் தங்கள் தொலைபேசிகளை அதில் போட்டுவிட்டு உள்ளே போய் 'இந்தக் கணத்தில் வாழ வேண்டும்' என்று ஒரு அட்டை எழுதி வைத்திருந்தார்கள். இந்தக் கணத்தில்தான் என் உயிரே போய்க்கொண்டிருக்கிறது என்று அந்த அட்டைக்கு யார் சொல்வது? இவர் வேறு, பழக்கதோஷத்தில், தலைமைப் பரிசாரகரிடம் வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரலாமா என்று கேட்டுவிட்டார். எங்கள் ஆட்கள் மண்டபம் பார்க்கப் போனால் முதலில் கேட்கிற கேள்வி அதுதானே. மனிதர் வாயைத் திறந்தபடி நின்றார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

மூன்றாவது, கதீட்ரலுக்குப் பக்கத்துத் தெரு. முன்பக்கம் பழைய மாளிகை, பின்பக்கம் பிறகு ஒட்டிய கட்டடம். நான் போனைத் தூக்கிப் பிடித்தபடி மேசை மேசையாக நடந்தேன், இவர் பின்னால் கொப்பியில் குறித்துக்கொண்டு வந்தார். "ஜன்னலடி ரெண்டு. தூணடி ஒண்டு. இஞ்சேர், இஞ்சை வாரும், இஞ்சை நாலு!" நாலு கோடு விழுந்த இடம் கழிவறைக் கதவுக்கும் கோட்டுகள் கொழுவுகிற இடத்துக்கும் நடுவில் ஒரு மூலை மேசை. கதவு திறக்கும்போதெல்லாம் எலுமிச்சைச் சோப்பு மணந்தது. எனக்கு அந்த மேசையைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஐந்து பேருக்கு, அந்த மேசைதான், வேறு வேண்டாம் என்று சொல்லிப் பதிந்தேன். பரிசாரகர்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். பிறகு நாங்கள் கேளாமலே இரண்டு கோப்பிக் கோப்பை வந்தது, ஒவ்வொரு தட்டிலும் தங்கத்தாள் சுற்றிய சாக்லேட்டோடு. நாங்கள் அவ்வளவு மரியாதையான ஆட்கள் போலத் தெரிகிறோமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறுக்கு முந்திய வாரத்தில் யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. கொழும்பில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுப்பதைக் காட்டினார்கள். அக்காவைக் காட்டவில்லை. விருந்தைத் தள்ளிப் போடுவோமா என்று இவர் மெதுவாகக் கேட்டார். என்ன சொல்லித் தள்ளிப் போடுவது? செத்தவீடா? அக்கா உயிரோடு இருக்கும்போது நான் துடக்குக் காப்பதா? "போறம்" என்றேன். "ஃபோன் என்னோடைதானே வருது."

நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். சம்பந்திகள் வாசலிலேயே நின்றார்கள், ஒரு நிமிடம் பிந்தாமல், ஒரு நிமிடம் முந்தாமல். காதலன் பிள்ளைக்கு வேலை, அவன் வரவில்லை. மகள் நடுவில் நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலைமைப் பரிசாரகர் என்னைக் கண்டதும் ஓடி வந்தார். முதுகு வளைத்து, "உங்களுக்காக எங்கள் மிகச்சிறந்த இடத்தை ஒதுக்கியிருக்கிறோம்" என்று மாளிகையின் உள்ளறையைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. போனும் கொப்பியுமாக மேசை மேசையாக ஆராய்ந்த எங்களை, உணவகங்களுக்குப் புள்ளி போடுகிற இரகசியப் பரிசோதகர்கள் என்று நினைத்திருக்கிறார்கள். ஓவியம், சரவிளக்கு, கணப்பு எல்லாம் இருந்த அறை. எட்டிப் பார்த்தேன், ஒரு கோடும் இல்லை.

"எங்களுக்குக் கழிவறைக்குப் பக்கத்து மேசைதான் வேண்டும்" என்றேன்.

மகளின் முகம் சிவந்தது. பரிசாரகர் இது ஏதோ பரீட்சை என்று நினைத்து இன்னும் வளைந்தார். அதிபர் சரவிளக்கைப் பார்த்தார், கழிவறைக் கதவைப் பார்த்தார், அங்கே காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்றார். பெரிய மனிதர், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோரும் மூலையில் போய் உட்கார்ந்தோம். நான் தொலைபேசியை என் தட்டுக்குப் பக்கத்தில், முள்ளுக்கரண்டிக்கு மேலே வைத்தேன்.

ஏழு தட்டு வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு விரல் அளவு சாப்பாடு. அந்த விரலுக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் வாசிக்கிற மாதிரி, எந்த வயலில் பிறந்தது, யார் பிடுங்கினார், எத்தனை மணிநேரம் ஊறியது என்று பரிசாரகர் விளக்கம் சொன்னார். மூன்றாம் தட்டு, வைக்கோலில் புகையூட்டிய கிழங்கு. "வைக்கலை நாங்கள் மாட்டுக்கெல்லே போடுறனாங்கள்" என்று இவர் எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, சம்பந்தியிடம் டேனிஷில் அருமை என்றார்.

நாலாம் தட்டில் அதிபர் கரண்டியை வைத்தார். "செய்தியில் பார்த்தோம். உங்கள் நாட்டில் போர் முடிந்துவிட்டதாமே. உங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்."

மகள் என்னைப் பார்த்தாள். "ஓம், பெரிய ஆறுதல்தான்" என்றேன் டேனிஷில். சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பு என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான வேலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஐந்தாம் தட்டில் தொலைபேசி அடித்தது. இலக்கம் காட்டவில்லை. கதிரை விழுந்தது, தண்ணீர்க் கிளாஸ் விழுந்தது, நான் "அக்கா! அக்கா!" என்று கத்தினேன். மறுமுனையில் முதியோர் இல்லத்துப் பொறுப்பாளர், நாளைக் காலை ஒருவர் சுகவீன லீவு, நான் வர முடியுமா என்று டேனிஷில் கேட்டாள். முடியும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தொலைபேசியைத் திரும்ப முள்ளுக்கரண்டிக்கு மேலே வைத்தேன்.

மகள்தான் சொன்னாள், தான் போட்ட நிபந்தனையைத் தானே உடைத்து. பெரியம்மா, மாசி மாதம், கொப்பிப் பின்மட்டை, நாலு கோடு, எல்லாம். பல் வைத்தியர் தலையைச் சரிக்கவில்லை, கண்ணைச் சுருக்கவில்லை. தன் கைப்பையைத் திறந்து தன் தொலைபேசியை எடுத்து அணைத்தார், இந்த மேசையில் இனி வேறு ஒன்றும் அடிக்கக்கூடாது என்பதற்காக. அதிபரும் தன்னுடையதை அணைத்தார். பிறகு ஆறாம் தட்டும் ஏழாம் தட்டும் வந்தன. ஐந்து பேரும் அந்தச் சின்னக் கறுப்புத் திரையைப் பார்த்தபடி சாப்பிட்டோம். நாலு கோடும் அசையாமல் நின்றன. அது அடிக்கவில்லை.

பின்னேரம் மகளும் எங்களோடு சில்க்போர்க் வந்தாள். கதவைத் திறந்தபோது நடையில் பதிவுக் கருவியின் சிவப்பு வெளிச்சம் மின்னிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் யாரோ போனில் ஜன்னல் விற்கிறான் என்று இவர் முணுமுணுத்தபடி பொத்தானை அமத்தினார்.

முதலில் இரைச்சல். எத்தனையோ பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சல். பிறகு அக்காவின் குரல், தேய்ந்துபோய்.

"பிள்ளை, நீயே கதைக்கிறாய்? உந்தப் பாசை எனக்கு விளங்கேல்லை அம்மா. நான் பெரியம்மா. அம்மாட்டைச் சொல்லு, நானும் தம்பியும் உயிரோடை இருக்கிறம். செட்டிகுளத்திலை காம்பிலை விட்டிருக்கினம். பெரியப்பா வரேல்லை. கொப்பி ஒண்டும் எடுத்துக்கொண்டு வரேலாமல் போட்டுது. இந்த வீட்டு நம்பர் மட்டும்தான் மண்டையிலை கிடந்தது. இது வேறை ஆக்களின்ரை ஃபோன், குடுக்கவேணும்."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. கருவியில் பேசிய எட்டு வயதுப் பிள்ளை ஏதாவது சொல்லும் என்று அக்கா காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பின்னால் யாரோ தண்ணீர் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள்.

"சாப்பிட்டியே, பிள்ளை?" என்று அக்கா கேட்டார். அதோடு சத்தம் நின்றது.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். இவர் பொத்தானில் வைத்த விரலை எடுக்கவில்லை. மகள் கோட்டைக் கழற்றாமலே குனிந்து, அந்தக் கருவிக்குக் கிட்டவாக முகத்தைக் கொண்டுபோய், தமிழில் பதில் சொன்னாள்.

"ஓம் பெரியம்மா. சாப்பிட்டன்."