படகுக்காரியின் குரல்

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அவனுக்கு விளையாட்டுக் கூட்டாளிகள் வைத்த பெயர் தேள். கணினியில் மாயாஜால விளையாட்டு எது வந்தாலும் முதல் ஆளாக ஆடிவிட்டு, கருத்துப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிடுவான். நல்லதையும் சொல்வான், இல்லை என்று சொல்லக்கூடாது. ‘மூடுபனி ஆறு’ வந்தபோது, வாள்சண்டை பிரமாதம், மலைகளை வரைந்தவன் கைக்கு மோதிரமே போடலாம் என்று எழுதினான். பிறகுதான் வாலைத் தூக்கினான். குதிரை சுவருக்குள் புகுந்து மாட்டிக்கொள்கிறது. வீரனின் பைக்குள் நாலு பொருள் வைக்க இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேல் படகுக்காரக் கிழவியின் குரல்: ‘தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டியது போல இருக்கிறது. இவளைப் பேசவிட்ட புண்ணியவான் யார்?’

அந்த வரிக்குத்தான் ஊரே சிரித்தது. சாப்பிடும்போது மனைவிக்கும் வாசித்துக் காட்டினான். பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருகிறவள் அவள். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அவ்வளவு மோசமாவா இருக்கு?”

“காது குடுத்துக் கேக்க முடியல.”

“முழுசாக் கேட்டீங்களா?”

“கேட்டேனே!”

பச்சைப் பொய். விளையாட்டில் யாராவது வாயைத் திறந்தாலே தாண்டும் பொத்தானை அமுக்கிவிட்டுச் சண்டைக்கு ஓடுகிற ரகம் அவன். கிழவி பேசியதில் அரை வார்த்தை கேட்டிருந்தால் அதிகம். தகர டப்பாகூட வேறு யாரோ எழுதியது. இவன் போட்டது கல் மட்டும்தான்.

சில வாரங்கள் கழித்து நிறுவனம் அறிவித்தது: ஆடுபவர்களின் கருத்தை மதித்து, இரண்டாம் பாகத்தில் படகுக்காரிக்கு வேறு குரல். “தேள் கொட்டுனா சும்மாவா!” என்று கூட்டாளிகள் கொண்டாடினார்கள். இவனுக்குத் தலைகால் புரியவில்லை. கிழவியை வழியனுப்பி வைப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விளையாட்டைத் திறந்தான். அன்றுதான் முதல்முறையாகப் பொத்தானை அமுக்கவில்லை.

ஆற்றில் போன பிள்ளைகளைப் பற்றிக் கிழவி பேசினாள். சண்டைக்கு ஓடத் தோன்றாமல், ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டான். வீரன் படகில் ஏறும்போது கடைசியாகச் சொன்னாள்: “பாத்துக் கால வைங்க. கீழ ஆழம்.”

கதவு திறந்திருக்கும், உள்ளே லிஃப்ட் இருக்காது. அப்படிப்பட்ட பள்ளங்களின் விளிம்பில்தான் அவனுக்கு வேலை. அதனால் அவன் கருவிப்பையை எடுக்கும்போதெல்லாம் மனைவி வாசலில் நின்று சொல்கிற வார்த்தை அது. ஓர் எழுத்து மாறவில்லை.

பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போனான். அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

“நீயா அது?”

“பல்லு பிடுங்க வந்த அந்தக் கம்பெனிக்காரர் ஒருத்தர், குரல் நல்லா இருக்குன்னு கூட்டிட்டுப் போனாரு. ரெண்டாம் பாகத்துல பெரிய வேஷம்னாங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

அந்த நேரத்திலும் பழியை அவள் பக்கம் தள்ளப் பார்த்தான் பாருங்கள்!

“அந்தக் கடைசி வரி அவங்க எழுதுனதில்ல. நான்தான் கெஞ்சிச் சேத்தேன்,” என்றாள் அவள். “அதக் கேட்டா என்னைக் கண்டுபிடிச்சிருவீங்கன்னு நெனச்சேன்.”

அவன் எழுதியதை அழித்தான். கேட்காமலே குறை சொன்னேன் என்று எல்லோரும் பார்க்க எழுதினான், நிறுவனத்துக்கும் எழுதினான். புதுக் குரலைப் பதிவு செய்தாகிவிட்டது என்று பதில் வந்தது.

மறுநாள் காலை கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். செருப்பை மாட்டியும் கிளம்பாமல் நின்றான்.

“போயிட்டு வாங்க,” என்றாள் அவள். வேறு எதுவும் சொல்லவில்லை.