அதிராத சுவர்

இருபத்திரண்டு வருடம் கொதிகலன் பட்டறையில் இரும்புத் தகட்டைச் சுத்தியலால் அறைந்தவருக்குக் காது எப்படி மிஞ்சும்? கூட்டாளிகள் அவருக்கு டமாரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் கோபமில்லை. கோபப்படுவதற்கு முதலில் அது காதில் விழ வேண்டுமே!

மனைவி நேர்மாறு. ஒற்றைத் தலைவலிக்காரி. ஒரு கரண்டி விழுந்தால் போதும், தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாள். வெளிநாட்டில் வேலை கிடைத்து தமிழும் புழங்கும் ஒரு நெரிசல் பிடித்த நகரத்தில் இறங்கியதும், அவளுக்காக அமைதியான தெருவாகத் தேடி அலைந்தார். பட்டறையில் தகட்டின் அதிர்வைத் தொட்டுப் பார்ப்பதுபோல வீட்டுச் சுவர்களில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பதினோராவது வீட்டின் சுவர் அசையவே இல்லை.

"இதுதாம்மா நமக்கு. ஈ எறும்பு சத்தம்கூட வராது."

"சந்தைப் பக்கம் பாருண்ணே, ஆத்திர அவசரத்துக்கு நாலு பேரு ஓடி வருவாங்க," என்று புது வேலையிடத்தில் கிரேன் ஓட்டுபவன் சொன்னதை அவர் மதிக்கவில்லை. அவர் தொட்டுப் பார்த்தது ஒரு வேலைநாளில். அடுத்த வீட்டுக்காரன் அப்போது வேலைக்குப் போயிருந்தான்.

குடிவந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக் காதருகே கத்தினாள்.

"ஏங்க, அடுத்த வீட்டுல பொண்டாட்டி தலையச் செவுத்துல மோதுறான்! போன வாரமும் இதே கூத்துதான்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"புது ஊரு, நமக்கேன் வம்புன்னு இருந்துட்டேன். பாவி நான்."

டமாரம் சுவரில் கை வைத்தார். தொம். தொம். சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடினார்.

மூன்றே அடி, கதவு பிளந்தது. உள்ளே அவன் மனைவியின் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். சுவரெல்லாம் ரத்தம். டமாரத்தைக் கண்டதும் அவளை உதறிவிட்டு இரும்புக் கம்பியை வீசினான். டமாரத்தின் வலது முன்கை முறிந்து தொங்கியது. இடது கைக்கு மாற்றிய சுத்தியல் அவன் முழங்காலில் இறங்கியது. எலும்பு நொறுங்கி அவன் அலறியபடி சரிந்தான். பின்னாலேயே ஓடிவந்த, கரண்டிச் சத்தம் தாங்காத அவர் மனைவி அந்தப் பெண்ணைத் தோளில் தாங்கித் தெருவுக்கு இழுத்து வந்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"உங்க யாருக்கும் காது இல்லையா? நீங்கல்லாம் மனுசங்கதானா?"

ஒரு திரைச்சீலை விலகி, மறுபடி மூடிக்கொண்டது.

போலீஸ் வந்த பிறகுதான் கதவுகள் திறந்தன. எல்லாருக்கும் ஒரே வாய்: நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, இந்த வெளிநாட்டுக்காரன்தான் கதவை உடைத்தான். அதிகாரி எழுத ஆரம்பித்தார். வழக்கு இவர்மேல் விழுந்தால் வேலை போகும், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"கதவ உடைச்சது நீங்கதானே?"

மனைவி அதைக் காதருகே திருப்பிச் சொன்னதும், "ஆமா," என்றார். பொய் அவருக்கு வராது.

அடிபட்டவள் மெல்ல எழுந்து நின்றாள். உடைந்த கதவோரம் கிடந்த கணவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளை முறைத்தான்.

"மாடிப்படியில விழுந்தேன்னு சொல்லுடி!"

அவள் தள்ளாடி வந்து, எழுதிக்கொண்டிருந்த காகிதத்தின்மேல் இரண்டு பற்களைத் துப்பினாள்.

"எங்க வீட்டுல மாடியே கிடையாது சார்," என்றாள். "அதையும் எழுதிக்கோங்க."