கட்டுக் கொட்டகைத் தனசேகரும் மகளின் லென்ஸும்

புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் கொட்டகை ஒன்றில் தனசேகருக்குப் பத்தொன்பது வருஷமாக ஒரே வேலை. பிடித்துக்கொள்வது. முறிந்த கையை வைத்தியர் இழுத்து நேராக்கும்போது ஆள் துள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சிலை அரைப்பதும் மூங்கில் தப்பை சீவுவதும் மற்றவர்கள் பாடு.

பிடிப்பது கையால் இல்லை, வாயால் என்பார் தனசேகர். வலியில் முனகிக்கொண்டு வருகிறவரிடம் முதலில் ஊர் கேட்பார். அப்புறம் எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்பார். மூன்றாவதாக, உங்கள் வீட்டு வாசல் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது என்று கேட்பார். எப்பேர்ப்பட்ட ஆளும் அதற்கு ஒரு நொடி யோசித்தே ஆக வேண்டும். வெயில் எந்தப் பக்கம் விழும், மாடு எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்று மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள். அதற்குள் வைத்தியர் இழுத்து முடித்திருப்பார்.

ஒரே ஒருமுறைதான் பலிக்கவில்லை. பாலசமுத்திரத்து லாரி டிரைவர் ஒருவர் திசையை யோசிக்காமல் தனசேகரின் கையைக் கடித்துவிட்டார். பல் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் கதையை அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

மனைவி பிரேமலதா அதை எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஆறாவதோடு பள்ளியை விட்டவள். நாலு பேர் கூடிய இடத்தில் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

இவர்கள் மகள் சுப்ரஜாவுக்குப் பன்னிரண்டு வயது. கபடி என்றால் சோறு வேண்டாம். ஆனால் கண்ணாடியைக் கழற்றினால் பத்தடிக்கு அப்பால் மனுஷரும் கம்பமும் ஒன்றுதான். கண்ணாடியோடு ஆட விடமாட்டார்கள். கழற்றிவிட்டு ஆடிய நாளில், எதிரணிப் பெண் என்று நினைத்துத் தன் அணித் தலைவியின் காலையே பிடித்துக் கவிழ்த்துவிட்டாள். விளையாட்டு வாத்தியார் தீர்த்துச் சொல்லிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை திருப்பதியில் ஜில்லா அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். கண்ணுக்குள் லென்ஸ் போட்டுக்கொண்டால் வா, இல்லாவிட்டால் வராதே.

சனிக்கிழமை மூவரும் திருப்பதியில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். லென்ஸ் போடச் சொல்லிக்கொடுக்கிற பெண் ரோஹிணி. பாதி தெலுங்கு, பாதி தமிழ். லென்ஸை விரல் நுனியில் வைத்துக் காட்டினாள். குட்டிக் கிண்ணம் மாதிரி நின்றால் சரி, தட்டு மாதிரி விரிந்தால் உள்ளும் வெளியும் மாறியிருக்கிறது என்று அர்த்தம். குழந்தை தானாகப் போட்டு, தானாகக் கழற்றிக் காட்டினால்தான் டப்பாவை வீட்டுக்குக் கொடுப்போம் என்றாள்.

தனசேகர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். இது தன் தொழில் என்று அவருக்கு நினைப்பு. ரோஹிணி அவர் கையை மோந்து பார்த்து, சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். மூன்று தரம் கழுவியும் பச்சிலை எண்ணெய் வாசம் போகவில்லை. லென்ஸைத் தொடக் கூடாது, தள்ளி நின்று தைரியம் மட்டும் சொல்லுங்கள் என்றுவிட்டாள்.

தைரியம் சொன்னார். சுப்ரஜா இமையை இழுத்துப் பிடித்து விரலைக் கொண்டுபோனாள். கண்ணுக்கு ஒரு நூல் தூரத்தில் இமை மூடிக்கொண்டது. பதினெட்டுத் தடவை முயன்றும், லென்ஸ் கன்னத்திலும் மூக்கிலும் ஒட்டியதுதான் மிச்சம். வீட்டில் சுத்தமான ஈர விரலால் வெள்ளைவிழியைத் தொட்டுப் பழகிவிட்டு அடுத்த சனிக்கிழமை வரச்சொன்னாள் ரோஹிணி. அன்றைக்கும் முடியாவிட்டால், திங்கட்கிழமை ஆள் எடுப்பதற்கு முன் மிச்சம் ஞாயிறு ஒன்றுதான்; அன்றைக்குக் கடை லீவு.

வாரம் முழுக்க வீட்டில் பழக்கம் நடந்தது. ஊர் எது, பஸ் எது, வாசல் எந்தத் திசை என்று தனசேகர் தன் அஸ்திரத்தையெல்லாம் எடுத்தார்.

"கெயக்கு. போதுமா நைனா?" என்றாள் மகள், இமைத்தபடியே. நடக்கக் கற்றதிலிருந்து கொட்டகையில் கேட்ட கேள்வி, அவளிடம் எடுபடவில்லை.

பிரேமலதா கதவோரம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே பார்த்தாள். புதன்கிழமை அவளுக்கு ஒன்று புரிந்தது. குழந்தையின் விரல் கண்ணருகே போகும்போதெல்லாம் தனசேகர் பல்லைக் கடித்து 'ஸ்ஸ்' என்று மூச்சை உள்ளே இழுக்கிறார். எலும்பு துருத்தி வெளியே நின்றாலும் அசராத மனுஷருக்குக் கண் என்றால் ஆகவில்லை. அந்த 'ஸ்ஸ்' கேட்டுத்தான் இமை மூடுகிறது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? பத்தொன்பது வருஷத் தொழிலாயிற்றே. வியாழக்கிழமை ஏதோ சாக்குச் சொல்லி அவரை வாசலுக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியாக 'ஸ்ஸ்' வந்தது. கடைக்கு நீங்கள் வர வேண்டாமே என்றதற்கு, நைனா இல்லாமல் போகமாட்டேன் என்று மகளே சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை கடையில் கூட்டம். சுப்ரஜா லென்ஸை விரலில் ஏந்தினாள். ரோஹிணி கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு தடவை 'ஸ்ஸ்'. ஏழு தடவையும் லென்ஸ் கன்னத்தில். குழந்தையின் உதடு பிதுங்கத் தொடங்கியது. எட்டாவதாக விரல் மேலே போனபோது, அந்நியர் நடுவில் வாயே திறக்காத பிரேமலதா எழுந்து நின்றாள்.

"ஏங்க, அந்த லாரி டிரைவரு ஒங்களக் கடிச்சது எந்தக் கை?"

தனசேகர் சட்டென்று திரும்பினார். அவர் முகத்தில் அத்தனை அவமானம்.

"எந்தக் கையா? பதினாலு வருசமா குடும்பம் பண்ணிக்கினு கீற, எந்தக் கைன்னு தெரியாதா ஒனக்கு?"

"சோத்துக் கையா, பீச்சாங்கையா?"

அவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி முழங்கைக்கு மேல் ஏற்றினார். மூக்குக்கண்ணாடி வாங்க வந்த இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் சேர்த்து ஆரம்பித்தார். டிரைவரின் எடை, மீசை, அன்றைக்கு அடித்த மழை. கதை பல் பதியும் கட்டத்துக்கு வரும் முன்பே, பின்னாலிருந்து குரல் வந்தது.

"நைனா, ஒரு கண்ணு ஆச்சி."

தனசேகர் மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தூக்கிய சட்டைக் கையைப் பார்த்தார். யாருடைய வித்தை யார்மேல் ஓடியது என்று புரிந்துகொள்ள அவருக்கு ஒரு நொடி ஆனது. வீட்டு வாசலின் திசையைத் தேடுகிறவர் மாதிரியே நின்றார். பிரேமலதா அதற்குள் தன் ஓரத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டுவிட்டாள்.

இன்னொரு கண் பாக்கி இருந்தது. கழற்றவும் வேண்டும். அவர் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். இந்தத் தடவை சுவரைப் பார்த்து நின்றபடி. ரோஹிணி டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

ஜில்லா அணிக்கு எடுத்த பன்னிரண்டு பேரில் சுப்ரஜா பன்னிரண்டாவது. தலைவி யார், கம்பம் எது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது.

லென்ஸ் போடும் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. அரை நிமிஷம்கூட ஆவதில்லை. ஆனாலும் ஆட்டம் இருக்கிற நாள் காலையில், அவள் கை கழுவும் சத்தம் கேட்டதும் தனசேகர் அடுப்படிக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார்.

"பிரேமா," என்கிறார். "எதுனா கேளு."