பதில் மணி

பள்ளம் வந்தால் அப்பா சைக்கிள் மணியை ஒருமுறை அடிப்பார். எதிரே லாரி வந்தால் இரண்டு. தண்ணீர் குடிக்கும் நேரமென்றால் மூன்று. எல்லாம் பின்னால் வருகிறவருக்கு. இன்று பின்னால் வருவது நான், அம்மாவின் சைக்கிளில்.

அப்பாவுக்கு அறுபத்தேழு வயது. முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக். சாலை ஏற்றங்களை இன்னும் மாடிக் கணக்கில்தான் சொல்வார். "நாலு மாடிதான், வா." ஆறு மாடிக்கு மேல் போனால் பொய் சொல்வார். சட்டைப் பையில் துணி சுற்றிய ஸ்பேனர் ஒன்று எப்போதும் இருக்கும். சாப்பிட உட்காரும் கடையில் மேசை ஆடினால், குனிந்து அதை முடுக்கிவிட்டுத்தான் தட்டைத் தொடுவார்.

நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சைக்கிளில் போவது அவரும் அம்மாவும் போட்ட திட்டம். வருடத்துக்கு ஐந்து நாள். விட்ட இடத்திலிருந்து அடுத்த வருடம் தொடர்வார்கள். போன வருடம் அம்மாவுக்கு மூச்சு வாங்கியதால் ஒரு பெட்ரோல் பங்க்கோடு நிறுத்திக்கொண்டார்கள். கடலுக்கு மிச்சம் நூற்று நான்கு கிலோமீட்டர். மூன்று மாதத்தில் அம்மா இறந்துபோனாள். மாரடைப்பு. இன்று காலை ஐந்தரைக்கு அதே பங்க்கிலிருந்து கிளம்பினோம்.

ஓய்வையும் சேர்த்து இரண்டு மணிக்குக் கடல் என்பது என் கணக்கு. அப்பா அதைக் கெடுத்தார். ஒவ்வொரு முறை மணியடித்த பிறகும் வேகத்தைக் குறைத்தார், காலை ஊன்றி நின்றார், திரும்பி என்னைப் பார்த்த பிறகே மிதித்தார். இரண்டு மணிக்கு நாங்கள் அறுபத்தெட்டாவது கிலோமீட்டரில் இருந்தோம்.

"முடியலைன்னா சொல்லுங்கப்பா. ஏதாவது வண்டி பிடிச்சுப் போயிடலாம்."

"யாருக்கு முடியலை? உன் போனுக்கு வேணா களைப்பா இருக்கும்."

"அப்புறம் ஏன் நூறு தடவை நிக்கிறீங்க?"

"பதில் வரலையே."

எனக்குப் புரியவில்லை.

"நான் அடிச்சா உங்கம்மா ஒண்ணு அடிப்பா. வந்துட்டிருக்கேன்னு அர்த்தம்." கைப்பிடியைத் துண்டால் துடைத்தார். "போன வருஷம் கடைசி நாள் பதில் வரலை. காலையில டீக்கடையில எங்களுக்குள்ள ஒரு சண்டை. கோவத்துல அடிக்க மாட்டேங்கறான்னு நான் பாட்டுக்கு மிதிச்சேம்மா. ரெண்டு கிலோமீட்டர். திரும்பி வந்து பார்த்தா, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டோரம் உட்கார்ந்திருக்கா."

என்னிடம் மூச்சு வாங்கியது என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

போன் மாட்ட இடம் வேண்டுமென்று நேற்று அம்மாவின் மணியைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தேன். எடுத்து நீட்டினேன். அப்பா திட்டவில்லை. ஸ்பேனரை எடுத்தார். போன் தாங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கைப்பிடியில் பெயின்ட் தேய்ந்திருந்த அதே வளையத்தின் மேல் மணியை வைத்து முடுக்கினார். எதையும் இரண்டு முறை சோதிக்கிறவர், அதை அடித்துப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவர் அடிக்கும்போதெல்லாம் நான் ஒன்று அடித்தேன். முதல் சில முறை வேகம் குறைந்தது, கால் தரை வரை இறங்கி வந்தது. பிறகு இறங்கவில்லை. ஏழு மாடி ஏற்றம் ஒன்றை நாலு என்றார். காற்றில் உப்பு தெரிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

முன்னால் மணி மூன்று முறை ஒலித்தது. பதில் அடித்தேன். அப்பா மிதிப்பதை நிறுத்தவில்லை, திரும்பவும் இல்லை. ஒரு கையால் தண்ணீர் பாட்டிலை உருவி, பின்னால் வருகிற ஆளுக்கு எட்டும்படி நீட்டிப் பிடித்தார்.