என் முதுகு தெரிந்த அக்கா

இன்னைக்கு மதியம் எங்க ஹெச்.எம். கூப்பிட்டு, "ஜூன்ல இருந்து கொயர் பீரியட மேத்ஸுக்குக் குடுத்துடுறோம் டீச்சர்"ன்னாங்க.

பிள்ளைங்க சேர்ந்து பாட இருக்குறதே அந்த ஒரு பீரியட்தான். சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

சாயங்காலம் கோரிப்பாளையம் சிக்னல்ல பஸ் நகரவே இல்ல. மூச்ச நல்லா இழுத்து ஒரு பெருமூச்சு விட்டேன்.

பின் சீட்டுல இருந்து ஒரு அக்கா தோளத் தட்டுனாங்க. "நீங்க பாட்டு டீச்சர்தானே?"

திரும்புனா, எனக்கு முகம் ஞாபகமே இல்ல.

"எம்பொண்ணு உங்க கொயர்ல பாடுனா. ஆண்டு விழாவுல எங்களுக்கு முதுகக் காட்டித்தான நிப்பீங்க, மூஞ்சிய எங்க பாத்தோம்? பாட்டு ஆரம்பிக்கும் முன்னாடி உங்க தோள் ரெண்டும் மேல ஏறும். பிள்ளைங்க அம்புட்டும் ஒண்ணா மூச்சிழுக்கும். கீழ உக்காந்து நானும் இழுப்பேன். இப்பவும் உங்க தோள் ஏறவும் எனக்குத் தன்னால மூச்சு உள்ள போயிருச்சு. சின்னவளும் வர்ற வருஷம் சேரணும்னு நிக்கிறா."

விஷயத்தச் சொன்னேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுட்டேன்க்கா."

"அப்ப சின்னவகிட்ட நான் என்ன சொல்ல?"ன்னு கேட்டாங்க. அது திட்டுறத விட மோசமா இருந்துச்சு.

இறங்குறதுக்கு முன்னாடி கேட்டுட்டேன். "நாளைக்கு என்கூட ஹெச்.எம்.மைப் பாக்க வாரீங்களா?"

"எனக்கு என்ன பேசத் தெரியும் டீச்சர்?"

"பேச வேணாம். எனக்குப் பின்னாடி உக்காருங்க. தோள் ஏறுறப்ப மூச்சிழுத்தாப் போதும்."

காலைல பத்து மணிக்குப் போறோம். என் முதுகு தெரிஞ்ச பெற்றோர் வேற யாராச்சும் இதப் படிச்சா வாங்க. பின் வரிசையில இடம் இருக்கு.