எங்கள் கிணற்றடி வசம்பு

விளக்கு வைத்த பிறகு வசம்பின் பேரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். "பேர் சொல்லாதது" என்போம், கேட்கிறவர்களுக்குப் புரியும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அந்த வழக்கத்தை மீறினேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கரமனையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில், குளிக்கிற தண்ணீர் ஓடித் தேங்குகிற ஈரத்தில், ஒரு பாய் அகலத்துக்கு வசம்பு நிற்கிறது. வாள் மாதிரி இலை. கல்யாணமாகி வந்த புதிதில், ஆற்றங்கரையில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது மண்ணோடு கிடந்த கிழங்குத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து நட்டேன். அன்றிலிருந்து எங்கள் தெருவில் குழந்தை பிறந்தால், பதினோராம் நாள் தீட்டுக் கழிக்கிற புண்ணியாகவாசனம் முடிந்ததும் என்னைக் கூப்பிட ஆள் வரும். கிழங்கைக் கழுவிக் காயவைத்துப் பத்மநாபன் படத்துக்கு முன்னால் ஒரு நாள் வைப்பேன். பிறகு விளக்குத் தீயில் கருகச் சுட்டு, தாய்ப்பால் விட்டு உரைகல்லில் உரைத்து, மோதிரத்துப் பொன்னையும் அதிலேயே ஒரு இழை இழைத்து, குழந்தை நாக்கில் தடவுவேன். தடவும்போது மனசுக்குள் அவன் நாமம்தான். பத்தாம் கிளாஸோடு படிப்பு நின்ற எனக்கு இந்தத் தெருவில் ஒரு மரியாதை உண்டென்றால் அது இந்தக் கிழங்கால் வந்தது.

என் மாட்டுப்பெண் ஊருக்குள்ளேயே ஸ்ரீவராகத்துப் பெண். காலேஜில் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிறாள். கல்யாணத்துக்கு மறுவாரம் கிணற்றடிக்கு வந்தவள், "ஐயோ அம்மா, இது இங்கேயே இருக்கா? நான் இதைத் தேடிண்டு காடு காடா அலையறேன்" என்று சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் ஆராய்ச்சியே வசம்பு ஜாதியைப் பற்றித்தானாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமாள் பார்த்துச் சேர்த்து வைத்த சம்பந்தம் என்று தெருவெல்லாம் சொன்னேன்.

அடுக்களையில் நான் காய் நறுக்க, அவள் தேங்காய் துருவிக்கொண்டே கதை கதையாகச் சொல்வாள். புல், நெல், வாழை, தென்னை, லில்லி மாதிரிப் பூக்கள், எல்லாம் ஒற்றைப் பருப்பு விதையுள்ள பெரிய குடும்பமாம். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் தனிக்குடித்தனம் போனது வசம்புதானாம். மனுஷன் பிறப்பதற்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி.

"அப்போ தென்னைக்கெல்லாம் இது பெரியம்மாவா?"

"அப்படி வேணா வெச்சுக்கலாம். பெரியம்மா தனியாப் போனவ போனவதான். அவ வழியில இன்னிக்கு மிச்சம் இருக்கறது கையில எண்ணற ரெண்டு மூணு வகை."

ஒரு தடவை என்னையும் மலையடிவாரத்தில் வித்துராவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடையோரம் கொஞ்ச தூரம் நடந்தால் அங்கேயும் வசம்பு. இலையைக் கசக்கி முகர்ந்து, "நம்மாத்து வாசனை இதுக்கு இல்லை" என்றேன். அவள் சிரித்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் அம்மா. இது பூக்கும், ஆனா விதை கட்டாது. ஜோடி ஜோடியா இருக்க வேண்டிய சங்கதி இதுக்குள்ள மூணு மூணா இருக்கு, அதனால பிரிஞ்சு விதையாக முடியல்லை. யாராவது கிழங்கை ஒடிச்சு எடுத்துண்டு போய் நட்டாத்தான் அடுத்த ஊர். துருக்கி, ஐரோப்பா எல்லாம் இப்படித்தான் போயிருக்கு. நீங்க முந்தானையில முடிஞ்சேளே, அதே மாதிரி எவளோ ஒருத்தி முடிஞ்சுண்டு போயிருப்பா."

அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு பிடித்துப் போயிற்று! கடல் தாண்டி எங்கேயோ ஒரு குளத்தங்கரையில் என்னை மாதிரி ஒருத்தி குனிந்து நடுவதாகவே நினைத்துக்கொண்டேன். விதை இல்லாத செடி, பெண்கள் கையை நம்பி உலகம் சுற்றியிருக்கிறது. பத்மநாபன் சன்னிதியில் நிற்கும்போது அதற்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

போன வருஷம் எனக்குப் பேத்தி பிறந்தாள். இருபது நாள் கழித்து எதிர்த்த வீட்டு மாமிக்குப் பேரன். மாமி என் முப்பது வருஷத்துச் சிநேகிதி. தினம் காலையில் குளித்துவிட்டு நான் உரைப்பேன். மாட்டுப்பெண் அறைக் கதவைப் பாதி திறந்து, "குடுங்கோ அம்மா, பால் குடுக்கறச்சே நானே தடவிடறேன்" என்று சின்ன வெள்ளிக் கிண்ணத்தை வாங்கிக்கொள்வாள். பிறகு நான் அதே கல்லோடு எதிர்வீட்டுக்குப் போவேன். அங்கே மாமியின் மகள் தன் குழந்தையை மடியில் போட்டுக் காட்டுவாள், நானே தடவுவேன். அந்தப் பிள்ளை நாக்கைச் சுழற்றி முகத்தைச் சுளிப்பதைப் பார்க்கத் தினம் ஒரு சிரிப்பு.

நவராத்திரிக்கு வெளிச்சுவரைத் தேய்த்துக் கழுவலாம் என்று ஒரு நாள் பிரஷ்ஷும் வாளியுமாகப் போனேன். மாட்டுப்பெண் அறை ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஒரு கறுப்புக் கோடு வழிந்திருந்தது. மழைத் தண்ணீர் இறங்கிய கறை என்று நினைத்தேன். தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். வாசனை எழும்பியது. சுட்ட வசம்பு. ஒரு நாள் கொட்டியது காய்ந்து, அதன்மேல் மறுநாள் கொட்டியது காய்ந்து, பட்டைபட்டையாக. என் காலைகள் அத்தனையும் அந்தச் சுவரில் இருந்தன.

வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். என் கையில் பிரஷ்ஷைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஒரு நாளாவது குடுத்தியா?"

"இல்லை அம்மா."

பொய் சொல்லவில்லை, அது வரைக்கும் சரி. பிறகு சொன்னாள். இந்தச் செடியில் ஒரு பொருள் இருக்கிறதாம். எலிகளுக்கு அதை நிறையக் கொடுத்துப் பார்த்தபோது உள்ளே கட்டி வந்திருக்கிறதாம். அமெரிக்காவில் விதை விடுகிற ஒரு வகை இருக்கிறது, அதில் அந்தப் பொருள் இல்லை, நம்முடையதில் உண்டு. "ஒரு பொட்டு நாக்குல பட்டா என்ன ஆகும்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது அம்மா. தெரியாததாலதான் குடுக்கல்லை. எப்படியும் ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் தவிர ஒண்ணும் வேண்டாம்னுதானே டாக்டரும் சொல்றா."

"இது எப்போலேருந்து உனக்குத் தெரியும்?"

"முன்னாடியே."

வித்துராவுக்குப் போனதற்கும் முன்னாடியே. தேங்காய் துருவிக்கொண்டு பெரியம்மா கதை சொன்னபோதே. உலகத்துக் கதையெல்லாம் சொன்னவள் இந்த ஒன்றைச் சொல்லவில்லை.

என் பிள்ளை சத்தம் கேட்டு வந்தான். "விடும்மா, சண்டை வேண்டாம்னுதான் சொல்லல்லை" என்றான். ஆக அவனுக்கும் தெரியும். எங்காத்துக்காரர் பேப்பரை மடிக்காமலேயே, "உன் மனசு கஷ்டப்படும்னு பார்த்தோம்" என்றார். அவருக்கும் தெரியும். காலையில் நான் பயபக்தியோடு உரைப்பதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், திருவிழா வேஷம் பார்க்கிற மாதிரி.

அழுகைகூட அப்போது வரவில்லை. வேறொன்று வந்தது.

"உங்க குழந்தைக்கு வேண்டாம்னு ஜன்னல் வழியாக் கொட்டினேள். சரி. எதிராத்துக் குழந்தைக்கு நான் தினம் தடவிண்டிருக்கேனே, அது?"

மாட்டுப்பெண் குழந்தையின் முதுகைத் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"என் கையால, பத்மநாபன் பேரைச் சொல்லிண்டு தடவறேன்டி. அதைப் பார்த்துண்டு நீ கதவைச் சாத்திண்டுட்டே."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல்லை அம்மா. நாளைக்கு நாளைக்குன்னு..."

நான் சாமி அறைக்குப் போனேன். பாம்புப் படுக்கையில் அவன் சௌக்கியமாகப் படுத்திருந்தான். "நீயும் எல்லாத்தையும் பார்த்துண்டு படுத்துண்டிருந்தியாக்கும்" என்றேன். அவனிடம் அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கேட்கவும் தோன்றவில்லை.

விளக்கு ஏற்றுகிற நேரமாகிவிட்டது. ஏற்றினேன். காலைவரை காத்திருந்தால் காலையில் மாமி எனக்காகக் காத்திருப்பாள். மாட்டுப்பெண்ணைக் கூப்பிட்டு, "நீயும் வா" என்றேன். தெருவைத் தாண்டப் பத்தடிதான்.

மாமி வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்றாள். "என்ன, மாமியாரும் மாட்டுப்பொண்ணுமா ஊர்வலம்?" என்று சிரித்தாள். உள்ளே அவள் மகள் குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"வசம்பு இனிமே வேண்டாம் மாமி" என்றேன்.

மாமி பதறிப்போய் விளக்கைப் பார்த்தாள். "விளக்கு வெச்சப்புறம் பேரைச் சொல்றேளே!"

"சொல்றேன். வசம்பு. குழந்தைக்கு அது ஆகாது, இவ படிச்சிருக்கா. தெரியாம நான் இத்தனை நாள் குடுத்துட்டேன். எங்காத்துக் குழந்தைக்கு இவ குடுக்கவே இல்லை."

மாமிக்கு முதலில் புரியவில்லை. பிறகு சுள்ளென்று வந்தது. "என்ன மாமி, உங்க பேத்தி தேறிட்டா, இனி எங்களுக்குக் கிழங்கு தர மனசில்லையாக்கும்? அதை நேரா சொல்லிடலாமே. சாலைக் கடைத்தெருவுல கடையா இல்லை?"

அப்போது அவள் பெண் எழுந்து வந்தாள். மாமியையோ என்னையோ பார்க்கவில்லை. என் மாட்டுப்பெண்ணை மட்டும் பார்த்தாள்.

"அக்கா, எனக்கு டாக்டர் அப்பவே வேண்டாம்னு சொன்னா. நான் இவா ரெண்டு பேரையும் நிறுத்தச் சொல்லலாம்னுதான் இருந்தேன். செடியைப் பத்திப் படிச்ச நீங்களே உங்க குழந்தைக்குத் தினம் கிண்ணத்தை வாங்கிண்டு போறேளேன்னுதான் நானும் குழந்தையைத் தினம் நீட்டிக் காட்டினேன்."

குழந்தை எங்களைப் பார்த்து, என்னைத் தெரிந்துகொண்டு, தினமும் பண்ணுகிற மாதிரி நாக்கைச் சுழற்றிக் காட்டியது.

திரும்பி வரும்போது அவள் அழுதுகொண்டே வந்தாள். பத்தடி தூரத்தில் ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

எதிர்வீட்டில் குழந்தையைப் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். ஒரு குறையும் இல்லை என்றார். இப்போது தவழ்ந்து வாசல்வரை வருகிறான். அவன் அம்மா தூக்கி உள்ளே கொண்டுபோய்விடுகிறாள். மாமி கோவிலில் பார்த்தால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான்.

வசம்பைப் பிடுங்கிப் பார்த்தேன். சேற்றில் ஒரு விரல்கடைத் துண்டு தங்கினால் போதும், மறு மழைக்கு வாள் நீட்டுகிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதன்மேல் எனக்குக் கோபமில்லை. அது எதையும் என்னிடம் ஒளிக்கவில்லை. மாட்டுப்பெண் இப்போதும் ஆராய்ச்சிக்கு மாதிரி எடுக்க அங்கே குனிகிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

தினம் காலையில் உரைகல் இருந்த இடத்தில் இப்போது கொஞ்சம் துளசி வைத்துக்கொள்கிறேன். பத்மநாபனிடம் முதலில் எதிர்த்த வீட்டுக் குழந்தையின் நட்சத்திரத்தைச் சொல்லி ஒரு துளசித் தளம் போடுகிறேன். என் பேத்தியின் நட்சத்திரம் அதற்கப்புறம்தான். ஒரு நாள் மாட்டுப்பெண் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்ம குழந்தையை ஏன் அம்மா ரெண்டாவதாச் சொல்றேள்?"

"அவளை நீ முதல்லயே பார்த்துண்டுட்டியே" என்றேன்.