அடுப்பில் போட்ட கிளினிக் கொப்பி

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை சுமந்து, நோர்வூட் டவுனில் சொந்தக் கடை போட்டவன் நான். படித்தது நாலாம் வகுப்பு. ஆனாலும் யாரிடமும் யோசனை கேட்டதில்லை. என் மகளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. சின்ன வயதில் கொழும்பில் ஒப்பரேஷன் செய்தோம். கல்யாணம் பேசியபோது, மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிடக் கூடாதென்று அவளுடைய நோய் விவரமெல்லாம் எழுதிய கிளினிக் கொப்பியை அடுப்பில் போட்டேன். ஒப்பரேஷனுக்குப் பிறகு அவள் சோதனைக்காகக் கிளினிக் போய்வந்ததையும் நிறுத்திவிட்டேன்.

ஆறு மாதக் கர்ப்பத்தில் அவள் மூச்சடைத்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம் நெஞ்சுத் தழும்பைப் பற்றி விசாரித்தபோது, நான் முந்திக்கொண்டு, "அதெல்லாம் அப்பவே சொகமாயிருச்சுங்க," என்றேன்.

"அப்பா, நீங்க பேசாம இருங்க. என்னையத்தானே கேக்குறாங்க," என்று சொல்லிவிட்டு, மகளே திணறித் திணறி எல்லாவற்றையும் சொன்னாள். அதனால் அவள் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

இப்போது மாதாமாதம் இதய கிளினிக்குக்கு அவளைக் கூட்டிப்போய், நான் வெளியே கிடக்கும் மர வாங்கில் உட்கார்ந்துகொள்கிறேன். இன்னொரு பிள்ளை பெறலாமா என்று உள்ளே அவள் கேட்டிருப்பாள். டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்பதில்லை.